எழுபத்து நான்கு டிகிரி

“டீச்சர், இது வெந்து போயிடுமா?”

கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் இறக்கிவைத்த கையோடு சவரிமுத்து கேட்டார்.

மெகருன்னிசா நிமிரவில்லை. யாருடைய கீபோர்டையோ கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். முறுக்குத் துணுக்குகள் உதிர்ந்தன.

சவரிமுத்து திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுப்பவர். வயது ஐம்பத்திரண்டு. மெகருன்னிசாவுக்கு அதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் கம்ப்யூட்டரைப் பற்றி அவர் கற்றுக்கொண்டதெல்லாம் இவளுடைய ரிப்பேர் கடையில்தான். அதனால் அவள் டீச்சர்.

“எது வேகுது அண்ணே?”

“போன வாரம் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டு நீங்க போட்டுக் குடுத்தீங்களே, அந்த எஸ்எஸ்டி. சூடு காட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு இறக்கினேன். சும்மா இருந்தா நாற்பத்தஞ்சு. சோதனை ஓட்டினா எழுபத்தொண்ணு! மனுஷனுக்கு நாற்பது வந்தாலே ஆஸ்பத்திரி.”

“அது மனுஷன் இல்லையே.”

“கூலிங் வைக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.”

பையைக் கவிழ்த்தார். சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட்சிங்க் தகடு ஒன்று, இரண்டு குட்டி ஃபேன்.

“எல்லாம் வாங்கியாச்சு. வீட்டு டேபிள் ஃபேனையும் மூணு நாளா அது பக்கமே திருப்பி வெச்சிருக்கேன். வீட்டுக்காரி எங்கூடப் பேசறதில்ல.”

“ரொம்பச் சுட்டா அது தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். குறைச்சுதா?”

சவரிமுத்து யோசித்தார்.

“கவனிக்கல டீச்சர். சூட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

“மூணு நாளாவா?”

“ஆமா.”

“அப்ப வேலை?”

அவர் முகம் தொங்கிப் போனது.

அவர் கடைசியாக வீடியோ எடுத்த கல்யாணத்தின் பெண் அன்று சாயங்காலம் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறாள். அதற்குள் மகளோடு உட்கார்ந்து அந்த வீடியோவை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று அவள் அப்பா நேற்றும் போன் செய்திருந்தார். பாதிகூட முடியவில்லை.

மெகருன்னிசா கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். திரையின் மூலையில் சூட்டின் எண் எட்டிப் பார்த்தது. விலை எழுதும் ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அதன்மேல் ஒட்டினாள்.

“உட்காருங்க. இங்கேயே முடிங்க.”

“ஃபேன்...”

“உட்காருங்க அண்ணே.”

முதல் பத்து நிமிஷத்தில் அவர் விரல் மூன்று முறை ஸ்டிக்கரை நோக்கிப் போனது. மூன்று முறையும் மெகருன்னிசா இருமினாள்.

பிறகு பந்திக் காட்சி வந்தது.

பாயாசம் மறுபடி வராத கோபத்தில் ஒரு சித்தப்பா இலையை மடக்கினார். அந்த நேரம் பார்த்து வாளி வந்து சேர்ந்தது. மடக்கிய இலையை அவசரமாக விரித்தார்.

சவரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் காட்சியை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

அடுத்து, பெண்ணின் அப்பா. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சவரிமுத்து அந்த இடத்தில் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

கடைசியாக முழுப் படத்தையும் ஒன்றாகச் சேர்க்கவிட்டார். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு எங்கும் திணறவில்லை. கிளம்பிய வேகத்திலேயே போய் முடிந்தது. பென்டிரைவில் ஏற்றினார். மணி இரண்டரை.

“முடிஞ்சுது டீச்சர்!”

அவள் ஸ்டிக்கரை உரித்தாள்.

எழுபத்து நான்கு.

“பாத்தீங்களா! நான் சொன்னேனே!”

ஹீட்சிங்க்கின் அட்டைப்பெட்டியைக் கிழித்தார்.

அறுபத்தாறு.

உள்ளே பிளாஸ்டிக் உறை. பிரியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

ஐம்பத்தேழு.

ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு பெட்டியின்மேல் குனிந்தார்.

“எதை ஆத்தப் போறீங்க அண்ணே?”

சவரிமுத்து நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

நாற்பத்தெட்டு.

வாயில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துணுக்கைத் துப்பினார். பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெண் வீட்டுக்கு ஓடினார்.