சலவைக்காரியின் வாழ்த்து

பிரெஞ்சு தேசத்தில் கொத்தியே என்றொரு பிரபு சிலுவைப் போருக்குக் கிளம்பினார். அப்படிக் கிளம்புகிறவர்கள் தாங்கள் செய்த அநியாயத்துக்கெல்லாம் பரிகாரம் செய்துவிட்டுத்தான் போகவேண்டும்; அந்தக் காலத்து வழக்கம் அது. பிரபுவும் ஊரைக் கோட்டை வாசலில் கூட்டினார். சுற்றிலும் வாளோடு ஆட்களை நிறுத்திவிட்டு, "என்னால் பாதிக்கப்பட்டவன் எவனாவது உண்டா?" என்று உறுமினார். யாருக்குப் பேச வாய் வரும்?

"பார்த்தீர்களா சாமி?" என்று பக்கத்தில் நின்ற பாதிரியாரிடம் இளித்தவர், முன்னால் நின்ற சலவைக்காரி எர்மெலினைக் கைகாட்டினார். "ஊர் சார்பில் நீ என்னை வாழ்த்தி அனுப்பு."

பிரபுவின் காட்டில் ஒரு முயலைப் பிடித்ததற்காக எர்மெலினின் புருஷன் பாதாளச் சிறையில் கிடந்தான். குறை சொன்னால் அவன் தலை போகும். வாழ்த்தி அனுப்பினால், பிரபு திரும்பி வருவதற்குள் அங்கேயே கிடந்து சாவான்.

அவள் மண்டியிட்டாள். "ஆண்டவரே, எங்கள் பிரபு எங்களை எப்படி நடத்தினாரோ, கடலிலும் போர்க்களத்திலும் நீர் அவரை அப்படியே நடத்தும்."

"ஆமென்!" என்றது ஊர் மொத்தமும்.

பிரபுவின் முகம் வெளிறியது. "ஏய்! சொன்னதை மாற்றிச் சொல்!"

"ஏன் பிரபு?" என்றார் பாதிரியார். "நல்ல வாழ்த்துதானே?"

வாள் பிடித்தவர்களே தலை குனிந்துகொண்டார்கள்.

"சொன்னது மேலே போய்ச் சேர்ந்திருக்கும், எஜமான்," என்றாள் எர்மெலின். "அதை மாற்ற முடியாது. எங்களை நடத்துகிற விதத்தை வேண்டுமானால் நீங்கள் மாற்றலாம். குதிரை ஏற இன்னும் நேரமிருக்கிறதே."

அன்று குதிரை ஏறுவதற்கு முன்னால், பிரபு சாவியும் கையுமாகப் பாதாளச் சிறைக்கு இறங்கிப் போனார்.