நாலு நிமிடப் படம்

காலை ஆறேகால் மணிக்கு, நாற்பது பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த கடற்கரையை ஆறுமுகநயினார் தன் செல்போனில் படம் எடுத்தார்.

படத்தில் ஒருவரும் இல்லை.

செல்போனை ஸ்டாண்டில் பூட்டி, ஒரே படத்துக்காக நாலு நிமிடம் இமைக்காமல் பார்க்க விட்டிருந்தார். அலையெல்லாம் பாலாய்ப் படிந்திருந்தது. மணல் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அசைந்த மனிதர்கள் அத்தனை பேரும் கரைந்துபோயிருந்தார்கள்.

நயினார் ஐம்பத்தாறு வயதில் பாத்திரக்கடையை மகனிடம் விட்டுவிட்டுப் படம் எடுக்கப் பழக வந்தவர். அவருடைய குரு நிலோஃபருக்கு வயது முப்பது.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"கடல் நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. ஆளுங்க எங்கே?"

"அதான் விசேஷமே. ஆள் இருந்தா அழகு கெட்டுரும்."

நிலோஃபர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நயினார் படத்தை இணையத்தில் போட்டார். பாராட்டு குவிந்தது.

அடுத்த மாதம், அங்கே சரக்குத் தளம் கட்ட வந்த கம்பெனி, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதே படத்தைச் சுவர் அளவுக்குக் காட்டியது.

"பாருங்கள், யாருமே புழங்காத கரை" என்றார் கம்பெனிக்காரர். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

வலை இழுக்கும் பிரகாசியம்மாள், படம் எடுத்தவரைத் தேடிப் பிடித்தார்.

"ஏன் சார், நாங்கல்லாம் பேயா? அன்னைக்கு உங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி குடுத்தேனே, அதுவும் பேய் குடுத்ததா?"

நயினார் குருவிடம் ஓடினார்.

"படத்தை அழிச்சிர்றேன் டீச்சர்."

"அவங்ககிட்ட இருக்கறது அழியுமா?"

"அப்ப சட்டுனு ஒரு படம் எடுப்போம். எல்லாரும் தெரிவாங்க."

"அந்த ஒரு நொடிக்கு ஆளைக் கூட்டிட்டு வந்ததாச் சொல்லுவாங்க."

"பின்னே என்னதான் செய்ய? அவங்க கரை போயிரும் டீச்சர். என்னால போயிரும்."



மறுநாள் காலை நிலோஃபரே கரைக்கு வந்து ஸ்டாண்டை ஊன்றினார். செல்போனில் அதே நாலு நிமிடத்தை வைத்தார். "தொடாதீங்க" என்று நயினாரிடம் சொல்லிவிட்டு நேரே நடந்தார். வலைக்கயிற்றின் கடைசி ஆளாய்ப் பிடித்துக்கொண்டு நின்றார். சிலைபோல நின்றார்.

பிரகாசியம்மாள் அவரைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க! மூச்சு மட்டும் விடுங்க!"

நாற்பது பேரும் நின்றார்கள். வலையைக் கடல் பின்னுக்கு இழுத்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. வலை தளர்ந்து மீன் நழுவிப் போவது கரையிலிருந்தே தெரிந்தது. ஒருவரும் அசையவில்லை.

கம்பெனியின் காவலாளி ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டுக் கூட்டம் போடுறீங்க? கலைஞ்சு போங்க!"



இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். கம்பை ஆட்டினார். ஒவ்வொருவர் காதருகிலும் போய்க் கத்தினார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

நாலு நிமிடம் முடிந்து செல்போன் சிணுங்கியது. கயிறு மறுபடி நகர்ந்தது.

"என் கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு நேரம் நிக்கல" என்றார் பிரகாசியம்மாள்.

நயினார் திரையைப் பார்த்தார். கடல் பாலாய் இருந்தது. அதன் முன்னே நாற்பத்தொரு பேர், இன்னார் என்று பெயர் சொல்லும் அளவுக்குத் தெளிவாய்.

"டீச்சர், காவலாளியைக் காணோம்!"

"அவரு நின்னாரா அண்ணாச்சி?"

இரண்டாவது கருத்துக்கேட்புக் கூட்டம் பிப்ரவரி 9ஆம் தேதி நடந்தது. கம்பெனிக்காரர் அதே வெறுங்கரைப் படத்தைக் காட்டிப் பேசத் தொடங்கியதும், நயினார் புதுப் படத்தோடு எழுந்தார். அந்தப் படத்தை எடுத்தவன் நான் என்றார். உட்காரச் சொன்னார்கள்.

உட்காரவில்லை.