பேச்சி தூங்கிய குகை

மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலம் அது. பனி கொட்டும் ஒரு மலைநாட்டில் பேச்சி, மருதாயி என்று அக்காள் தங்கை இருவர் இருந்தார்கள். பேச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். சந்தைக்கு வந்த மந்திரவாதியின் தாடியைப் பார்த்து, "இதைக் கட்டி விளக்குமாறா விக்கலாமே" என்றாள். அவ்வளவுதான், வௌவாலாகிப் போனாள்.

மருதாயி அவன் காலில் விழுந்தாள்.

"குகையில் தூங்கட்டும். கோடை மழையின் முதல் இடி கேட்டு எழுந்தால் பெண்ணாவாள். அதற்குள் மூன்று முறை விழித்தால் உயிர் போகும்" என்றான் அவன்.

மருதாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்காளுக்குக் குளிருமே என்று குகையின் உச்சித் துவாரத்தைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தாள். குளிர் போகவில்லை, காற்றுதான் நின்றது. சுவரெல்லாம் நீர் கோத்தது. பேச்சியோடு அங்கே கூட்டமாய்த் தூங்கிய வௌவால்களின் மூக்கில் மாவு தூவியதுபோல் வெண்பூஞ்சை பூத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது.

எட்டிப் பார்த்த மருதாயி பதறிப்போய்ப் பந்தத்தோடு உள்ளே ஓடினாள். வெளிச்சம் பட்டுப் பேச்சி கண் விழித்தாள்.

"நீதானா? மனுஷியா இருந்தப்பவும் தூங்க விடல, இப்பவுமா? முதல்ல அரிப்பு எழுப்பிச்சு, இப்ப நீ."

"மூக்கைத் துடைச்சு விடறேன், அக்கா."

"துடைச்சா நாளைக்கும் பூக்கும். போடி."

அவள் கண் சொருகியது. உடம்பு பாதியாய் இளைத்திருந்தது.

அப்போது பூஞ்சை சிரித்தது. "என் உயிர் ஏழு கடல் தாண்டி இல்லை, பெண்ணே. குளிரிலே பிறந்தேன், ஈரத்திலே வளர்ந்தேன், அசையாத காற்றிலே ஆள்கிறேன். அரண்மனை கட்டிக் கொடுத்தவளே, நல்லா இரு."

காற்றை அடைத்தது தான்தான் என்று மருதாயிக்கு உறைத்தது. உச்சிக்கு ஏறினாள். கல்லை இடித்தால் சத்தம். சத்தம் கேட்டால் மூன்றாம் விழிப்பு. நகத்தால் களிமண்ணைச் சுரண்டி, ஒவ்வொரு கல்லாக மெல்ல எடுத்தாள். உலர்காற்று உள்ளே இறங்கியது.

பூஞ்சை வாடியதா, பெருகியதா? தெரியவில்லை. போய்ப் பார்க்க எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பார்க்கப் போனால் விழிப்பாள். அது மட்டும் தெரியும். பனிக்காலம் முழுக்க வாசலிலேயே கிடந்தாள். உள்ளே போகவில்லை.

கோடையின் முதல் இடி இடித்தது. வௌவால்கள் மழைக்குள் பறந்தன. சில எழவேயில்லை. கடைசியாக, குனிந்தபடி ஒரு பெண் வெளியே வந்தாள். மூக்கு நுனியில் வெள்ளைத் தழும்பு.

"பசிக்குதுடி" என்றாள் பேச்சி. பிறகு தங்கையை உற்றுப் பார்த்தாள். "என்னை விட நீ இளைச்சிருக்கே. தூங்கவே இல்லையா?"

"இனிமேதான், அக்கா."

சொல்லி முடிக்குமுன் மருதாயி அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். எவ்வளவு பசித்தும் பேச்சி அவளை எழுப்பவில்லை.