புளியங்கொட்டை விழாத நாள்

மனநல ஆலோசகர் உரிமத் தேர்வில் இரண்டு தடவை தவறியிருந்தாள் கிரேஸ்மேரி. வயது ஐம்பத்தாறு. நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெண்கள் காப்பகம் ஒன்றில் அவளுக்கென்று ஒரு நாற்காலி காத்திருந்தது. உரிமம் வந்தால்தான் அதில் உட்காரலாம். பாடம் சொல்லிக்கொடுத்த ஜெமிலாவுக்கு அவளுடைய மூத்த மகளின் வயது.

மாதிரித் தேர்விலும் அதே தப்பு. அழுதுகொண்டு வருகிறவளிடம் ஆலோசகர் முதலில் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு, 'ஆறுதல் சொல்ல வேண்டும்' என்பதையே டிக் அடித்தாள். 'குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்' பக்கத்திலேயே சும்மா கிடந்தது.

"அழுறவளப் பாத்துக்கிட்டு எப்படி டீச்சர் வாய மூடிட்டு இருக்கறது? ஆண்டவர் வாயை எதுக்குக் கொடுத்தார்? இத எந்தப் புத்தகத்துல படிக்கணும்?"

ஜெமிலா புத்தகத்தை மூடினாள். தன் அடுப்படியிலிருந்து ஒரு கை புளியங்கொட்டையும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் எடுத்துவந்தாள். தினம் ஒரு கதை சொல்வேன், நடுவில் வாய் திறந்தால் ஒரு கொட்டை டம்ளருக்குள் போகும் என்றாள்.

முதல் நாள், மாமியாரோடு மல்லுக்கட்டிய ஒருத்தியின் கதை. மாமியார் வாசற்படி ஏறுவதற்குள்ளேயே டம்ளர் கலகலத்தது.

"இருபத்திமூணும்மா."

"அதுல ரெண்டு இருமல் டீச்சர்."

இருபத்திநாலாவது விழுந்தது. இருவரும் கண்ணில் நீர் முட்டச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ஜெபத்தில் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாகத் தன் வாய்க்கும் ஒரு விண்ணப்பம் வைத்தாள் கிரேஸ்மேரி. கொட்டை பதினொன்றாயிற்று. பிறகு ஆறு. ஒரு நாள் மறுபடி ஒன்பது. அன்றைக்குக் கதையில் கைக்குழந்தை வந்துவிட்டது.

தேர்வுக்கு முந்தின நாள், இதே தேர்வில் மூன்று தடவை தோற்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள் ஜெமிலா. வீட்டுக்குப் போக முகமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பரோட்டா தின்றவள். கிரேஸ்மேரியின் நாக்கு நுனியில் எத்தனையோ கேள்வி. சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஜெமிலா கதையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதும் இவள் காத்திருந்தாள்.

கதை முடிந்தது. டம்ளர் காலி.

"கொட்டை விழல, சரிதான். ஆனா இன்னிக்கு ஒரு பக்கம்கூடப் புரட்டலையே டீச்சர். நாளைக்கு எத வெச்சு எழுதுவேன்?"

ஜெமிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் மூணு தடவ தோத்தத எங்க அம்மாகிட்டகூட இதுவரைக்கும் சொன்னதில்லம்மா."