கோட்டை வாசலில் ஒரு புளியங்கொட்டை

வலம்புரித்துறைக் கோட்டை வாசலுக்குப் புதுக்காவல் ஒன்று வந்தது. ஒரு புளியங்கொட்டை. உள்ளே போகிறவர்களின் கன்னத்தில் காவலர்கள் அதை வைத்துப் பார்ப்பார்கள். கொட்டையைவிடக் கறுத்திருந்தால் வெளியே.

யோசனை சேனாபதி அதிரூபசிங்கனுடையது. "கடல் தாண்டி வந்த கறுப்பர்களை நம்பக்கூடாது, மகாராஜா." ராஜா மணவாள பூபதியும், 'யாராயிருந்தாலும் விடாதே' என்று எழுதி முத்திரை வைத்துவிட்டார்.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாக ராஜாவின் குதிரைகளைப் பழக்கிய முபாரக் வெளியே நின்றான். உள்ளே அவன் மனைவிக்கு முந்தின நாள்தான் பெண் பிறந்திருந்தது.

"குழந்தை யார் சாயல், ஐயா?" என்று அரசவை விகடகவி செவ்வந்தியப்பனிடம் கேட்டான்.

"அச்சு அசல் நீதான். அதனால்தான் வெளியே தூக்கி வரப் பயப்படுகிறாள். திரும்ப உள்ளே விடமாட்டார்களே."

செவ்வந்தியப்பன் ராஜாவிடம் வாதாடவில்லை. வாசல் காவலைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"உமக்கேற்ற உத்தியோகம்!" என்று சேனாபதி சிரித்தார்.

மறுநாள் கடல்நோன்பு தொடங்கியது. பருவத்தின் முதல் படகு இறங்குமுன் எட்டு நாள் ராஜாவும் சேனாபதியும் பகலெல்லாம் குடையில்லாமல் கரையில் நிற்க வேண்டும்; இரவிலும் கோட்டைக்குத் திரும்பக்கூடாது. ராஜா முன்னால், சேனாபதி பின்னால். ராஜா கடலைத் தவிர எதையும் பார்க்கக்கூடாது, திரும்பவே கூடாது.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்த ராஜாவின் கன்னத்தில் செவ்வந்தியப்பன் கொட்டையை வைத்தான்.

"கொட்டைதான் வெளுப்பு. தள்ளி நில்லுங்கள், மகாராஜா."

"டேய், பன்னிரண்டு வருஷமாக என்னை உனக்குத் தெரியாதா?"

"முபாரக்கை உங்களுக்கும் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும்."

ராஜா வாசலுக்கு வெளியே நின்ற முபாரக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசலில் தொங்கிய ஆணையை அவரே பிய்த்தெறிந்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி முபாரக்கிடம் நீட்டினார்.

"குழந்தைக்கு. முதலில் நீ உள்ளே போ."

முபாரக் ஓடினான்.

"இன்னும் ஒரு கன்னம் பாக்கி, மகாராஜா" என்றான் செவ்வந்தியப்பன். சேனாபதி பெருமையாகக் கன்னத்தை நீட்டினார்.

"தேறிவிட்டார்! எட்டு நாள் வெயிலில் நின்றும் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறாரே!"

ராஜா மெதுவாகத் திரும்பினார்.

"என் முதுகுக்குப் பின்னால் கூடாரம் குளுகுளுவென்று இருந்ததோ, சேனாபதி?"

சேனாபதி நீட்டிய கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போய் எட்டு நாள் தனியாக நில்லும்!"

"கறுத்துவிடுவேனே, மகாராஜா!"

"பயப்படாமல் போய்வாருங்கள்" என்றான் செவ்வந்தியப்பன். "நீங்கள் வருவதற்குள் கொட்டையை வறுத்துத் தின்றுவிடுகிறேன்."