பந்துக்கு அடியில் ஒரு பூ

ஊட்டி கோல்ஃப் கிளப்பின் தலைவர் அரங்கநாயகம் எந்தப் பந்தை அடித்தாலும் அது குளத்தில்தான் விழும். மட்டையைப் பிடிப்பார், காலை ஊன்றுவார், தோளைத் திருப்புவார், எல்லாம் சரிதான். பந்து மட்டும் குளத்தைத் தாண்டாது. பழி, அவருடைய பையைத் தூக்கி வரும் மாதி மேல் விழும்.

அன்றைக்கு வெளியூர் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். முதல் பந்து குளத்துக்குள் போனதும் அவர் சீறினார்.

"உன் ராசிதான்! அடுத்த பந்து குளத்தைத் தாண்டலேன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

மாதி மட்டைகளைச் சுமந்திருக்கிறாளே தவிர, ஒரு பந்தைக்கூட அடித்தது கிடையாது. குனிந்து புதுப் பந்தை வைத்தாள்.

"சார், பந்துக்கு அடியில ஒரு பூ வெச்சிருக்கேன். பந்து போனதும் அது என்ன நிறம்னு பாத்துச் சொல்லுங்க. தாண்டிடும்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். வீம்புக்கு அவரும் மட்டையை வீசினார். குனிந்த தலை நிமிராமல் புல்லையே துழாவினார்.

"பூவே இல்லையே! பொய்க்காரி!"

நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். பந்து குளத்துக்கு அந்தப் பக்கம், கொடிக்கம்பத்தின் அருகில் கிடந்தது.

"எப்படிம்மா?" என்றார் ஒரு விருந்தாளி, நம்ப முடியாமல்.

"சார் அடிக்கும்போது பந்தைப் பாக்க மாட்டாருங்க. தன்னை யாரு பாக்கறாங்கன்னு நிமிர்ந்து பாப்பாரு. இன்னிக்குத்தான் கீழ பாத்தாரு."

அரங்கநாயகம் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.