அறை வாங்கிய சாட்சி

கரக். சற்று ஓய்வு. மறுபடியும் கரக். விளக்கணைத்து வெகு நேரத்துக்குப் பிறகு, பாறையைப் பாறை மெல்லுவது போல ஒரு சத்தம் ஊற்றுப் பக்கமிருந்து வந்தது. பெரின் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆறு வயது மகள் ஒதீல் அசையாமல் தூங்கினாள்.

கதவில் தாழ்ப்பாள் இருந்தது. ஒன்றரை வருடமாக அதைப் போடுவதில்லை. புருஷனை அடக்கம் செய்த வாரம், ஞானஸ்நானத்தில் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்ற சத்திரக்காரர் ஒபேர்தான் சொன்னார்: "நான் இருக்கேன்ல, பெரின். ராத்திரி ஒண்ணுன்னா ஓடி வரணும். தாழ் போட்டுக்கிட்டா எப்படி வர்றது?" சத்தம் கேட்ட அன்றும் அவள் தாழைத் தொடவில்லை. துணிப்பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். விடிந்ததும் முதல் வேலையாக ஒபேரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

பிரான்சு தேசத்தின் நடுவே, ரோமானியர்கள் போட்ட பழைய சாலையோரம் இருக்கிற பெரூல் என்ற சிற்றூரில் நடந்தது இது. அங்கே மலையே கறுப்பு. பிளந்தால் பலகை பலகையாக வரும் அந்தக் கல்லைத்தான் வீட்டுக் கூரைக்கும் வேய்ந்தார்கள், கல்லறைக்கும் நட்டார்கள். ஒபேரின் சத்திரம் மட்டும் தூரத்திலிருந்தே சிவப்பாகத் தெரியும். போன கோடையில் அதன் கூரைக்குச் சுட்ட மண் ஓடு வண்டியில் வந்திறங்கியபோது ஊரே கூடி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஆறு கீழே பள்ளத்தில் கிடக்கிறது. மேட்டில் இருப்பது ஒரே ஊற்று. அது பெரினின் நிலத்தில், ஒபேர் நிலத்தைப் பிரிக்கும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம். ஊற்று போனால் ஆடும் போகும், காய்கறியும் போகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளும் போக வேண்டியதுதான்.

எழுபது வருடத்துக்கு முன் நட்ட அந்த எல்லைக்கல்லை ஊர் இரண்டு விதமாகக் காத்து வந்தது. நடும்போதே ஒரு கூரைக் கல்பலகையை மூன்றாக உடைத்து அடியில் புதைத்தார்கள். பின்னால் தோண்டிப் பார்க்கையில் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தினால் கல் நிற்கும் இடம் உண்மை. அந்தத் துண்டுகளுக்கு அவர்கள் பேச்சில் பெயரே 'சாட்சிகள்'. இன்னொன்று, வசந்த காலத்தில் வயல்களை ஆசீர்வதிக்கும் மன்றாட்டுப் பவனியில் சாமியார் கல்லருகே ஒரு குழந்தையை நிறுத்தி ஓங்கி ஓர் அறை வைப்பார். வலித்த இடம் சாகும்வரை மறக்காதாம். முன்பு அறை வாங்கிய கிழவர் குளிர்காலத்தில் இறந்துபோக, இந்த வருடம் ஒதீலின் முறை. அன்று நல்ல மழை. பாதிப் பேர் மரத்தடியில் ஒதுங்கிவிட்டார்கள்; சாமியார் உட்பட மற்றவர்கள் தலையைக் குனிந்தபடி அவசரப்பட்டதில் இடத்தை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அறை விழுந்ததும் குழந்தை சேற்றில் மல்லாந்தாள். அறைந்த கையாலேயே சாமியார் ஒரு இனிப்பு ரொட்டி கொடுத்தார். பெரினுக்கு அந்த ரொட்டி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது ஒபேர் சிரித்தார். "நரியா இருக்கும்."

மூன்றாம் நாள் ஊற்றைச் சுற்றி அவருடைய வேலி. எல்லைக்கல் ஊற்றைத் தாண்டி, பெரினின் அவரைப் பாத்திக்குள் நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து ஊர் கூடியது. "கல் என்னிக்கும் அங்கதான் இருக்கு," என்றார் ஒபேர். "வேணும்னா தோண்டிப் பாருங்க." தோண்டினார்கள். மூன்று துண்டுகள். மண்ணைத் துடைத்ததும் சிவந்து தெரிந்தன. சாமியார் சேர்த்து வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தின.

"சாட்சி பேசிடுச்சு, மகளே," என்றார் சாமியார்.

"இன்னொரு சாட்சி இருக்கு, சாமி," என்று பெரின் ஒதீலை முன்னால் தள்ளினாள். குழந்தை ஊற்றுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். "அங்க. நான் விழுந்தப்போ கோயில் சேவல் ஒபேர் ஞானப்பா வீட்டுப் புகைபோக்கி மேல உக்காந்திருந்துச்சு."

கூட்டம் சிரித்தது. கோயில் கோபுரத்து உச்சியில் காற்றுத் திசை காட்டும் இரும்புச் சேவல் எப்போது பறந்தது என்று ஒரு சலவைக்காரி கேட்டாள். "முட்டை போட்டுச்சாடி?" என்றாள் இன்னொருத்தி.

"ஏழு வயசு ஆகலை. சாட்சி சொல்ல வயசு பத்தாது," என்றார் சாமியார்.

பெரின் ஒதீலின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அறை வாங்க வயசு பத்துச்சா, சாமி? ஞாபகம் வச்சுக்கன்னு அடிச்சீங்க. வச்சிருக்கா. இப்ப வாயை மூடுன்னா, அந்த அறையை யார் திருப்பி வாங்கிக்கிறது?"

அவள் குனிந்து ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். நிமிர்ந்தாள். தூரத்தில் பார்த்தாள். பிறகு ஒபேரிடம், "உங்க கூரையில ஒரு ஓடு குறையுதா, ஐயா?" என்றாள்.

கல் ஒன்று சொன்னது. துண்டுகள் அதற்கு ஒத்துப் பாடின. குழந்தை வேறொன்று சொன்னாள். இதில் பொய்ச்சாட்சி யார்? துண்டுகள் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியும் பெரின் அதை எப்படிக் கண்டுகொண்டாள்?

விடை: எழுபது வருடத்துக்கு முன் பெரூலில் சிவப்பு ஓடு ஏது? அது வந்ததே போன கோடையில்தான், வாங்கியவர் ஒருவர்தான். இருட்டில் கல்லைப் பெயர்த்து, குழியை மூடிப் புல் பாவிய ஒபேர் பழைய சாட்சிகளையும் தேடியிருக்கிறார். கறுப்பு மண்ணில் கறுப்புப் பலகை அகப்படவில்லை. அவசரத்தில் வீட்டு ஓட்டை உடைத்துப் புதைத்தார். சேவலும் பறக்கவில்லை. ஊற்றுக்கு அப்பால் ஓரிடத்திலிருந்து பார்த்தால் கோபுரத்துச் சேவல் சத்திரத்துப் புகைபோக்கிக்கு நேர் மேலே உட்கார்ந்த மாதிரி தெரியும். குழந்தை உயரத்துக்குக் குனிந்து பார்த்து அங்கே தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் மூன்று கறுப்புத் துண்டுகள் இருந்தன. சாமியார் ஒதீலின் தலையைத் தொட வந்தார். பெரின் குழந்தையை விலக்கிக்கொண்டாள். சாயங்காலம் ஒபேர் ஒரு கூடை ஆப்பிளோடு வந்து, "குழந்தைக்கு நான் ஞானத்தகப்பன், பெரின்," என்று வாசலில் நின்று சொன்னார். அவள் துணிப்பெட்டியை அதன் பழைய இடத்துக்குத் தள்ளினாள். அப்புறம் கதவைச் சாத்தி, துருவேறிக் கிடந்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்து, அவர் காதில் விழும்படி உள்ளிருந்து போட்டாள்.